பை பார்த்துக்கொள்பவர்: பாப்பா

அண்ணி ஒரு காரியத்தைக் கையில் எடுத்தால் அதற்கு ஒரு தாள் உண்டு. பள்ளிக்கூடத்தில் நாற்பத்திரண்டு வகுப்புகளுக்கு டைம்டேபிள் போடுகிற கை அது. எந்த டீச்சரை எந்த வகுப்பில் எத்தனை மணிக்கு மாட்டிவிட்டால் அவள் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்க முடியாது என்பது அண்ணிக்கு அத்துப்படி. வீட்டையும் அப்படித்தான் நடத்தினாள்.

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு வாரமாக ஒட்டியிருந்த தாளுக்கு, ‘வாட்டர் பார்க்: ஒரு நாள் திட்டம்’ என்று தலைப்பு. மொத்தம் இருபத்திரண்டு பாயின்ட். காலை ஏழு மணிக்குக் கார் கிளம்பும், யாருக்காகவும் நிற்காது. கேட் திறந்ததும் முதலில் பெரிய சறுக்குகளுக்கு ஓட வேண்டும்; பதினொரு மணி தாண்டினால் வரிசையில் நின்றே நாள் போய்விடும். பருத்தித் துணியோடு தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள், நைலான்தான். மத்தியானம் தரை கொதிக்கும், ரப்பர் செருப்பு வேண்டும். சாப்பிட்ட கையோடு சுழல் சறுக்கில் ஏறினால் சாப்பிட்டது தங்காது.

பதினான்காவது பாயின்ட் ஒரே வரி. ‘பை பார்த்துக்கொள்பவர்: பாப்பா.’

பாப்பா என்றதும் குழந்தை என்று நினைத்துவிட வேண்டாம். முப்பத்தொன்பது முடிந்து நாற்பது நடக்கிறது. அண்ணனுக்குப் பத்து வருஷம் கழித்துப் பிறந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். பெற்றவர்கள் போய்ச் சேர்ந்த பிறகும் பெயர் மட்டும் போகவில்லை. வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுத் தைக்கிறாள். குடும்பம் கடற்கரைக்குப் போனாலும் பொருட்காட்சிக்குப் போனாலும் பைகளுக்கு நடுவில் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள் இல்லையா, அது அவள்தான். அண்ணி வந்த பிறகான பதினெட்டு வருஷத்துப் போட்டோக்களில் அவள் ஒன்றில்கூட இல்லை.

போன வாரம் அவளை எந்த நிலையில் விட்டோம் என்பதை ஒரு தரம் நினைத்துக்கொள்வோம். அந்த இருபத்திரண்டு பாயின்டில் முக்கால்வாசி அண்ணியின் மூளையில் உதித்தது அல்ல. வாட்டர் பார்க்கில் பம்ப் பார்க்கிற மெக்கானிக் பாப்பாவிடம் சொன்னது. பாப்பா அண்ணியிடம் சொன்னது. பார்க் ஆட்களின் யூனிஃபார்ம் கிழிந்தால் அவர்தான் மூட்டை கட்டிக்கொண்டு தையலுக்கு வருவார். எட்டு மாதமாக வந்து போனதில், கிழியாத சட்டைகளும் மூட்டைக்குள் வர ஆரம்பித்திருந்தன.

பம்ப்காரருக்கு வாய்ப்பேச்சில் நம்பிக்கை கிடையாது. பம்ப் ஓடிய நேரம், நின்ற நேரம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதியே பழகியவர். “வாயால சொன்னது காத்தோட போயிடுங்க, எழுதிக் குடுத்துடுங்க” என்பார். போன வாரம் மெஷின் பக்கத்தில் நின்று, கேட்க வேண்டியதைக் கேட்டேவிட்டார். பாப்பா தலையாட்டினாள். “மெசேஜ்ல போட்டுடுங்களேன். அப்பப்ப எடுத்துப் பாத்துக்கலாம்” என்றார். பாப்பா போட்டாள். ‘சரி.’ ஒரே வார்த்தைதான். அதற்கு அவர் முகம் மலர்ந்ததை அவள் வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள்.

அண்ணனிடம் சொல்லாமல் வீட்டைவிட்டுப் போக அவளுக்கு மனசு வரவில்லை. அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்காக நாள் முழுக்கப் பிரேக் மிதித்து, எரிந்து விழுந்துகொண்டே வீடு திரும்புகிறவன். ஒரு நாள் பூராவும் தண்ணீரில் ஆடிவிட்டு வந்தால் கொஞ்சம் இளகியிருப்பான் என்பது பாப்பாவின் கணக்கு. அதனால் கடைசிப் பாயின்டை அவளே அண்ணி காதில் போட்டு எழுத வைத்தாள். ‘நாலு மணி: எல்லோரும் பெரிய கடிகாரத்தடியில் கூட வேண்டும்.’ பம்ப்காரரையும் அதே நாலு மணிக்கு அங்கே வரச் சொல்லியிருந்தாள்.

இன்னொரு ரகசியம் மெஷினுக்கு அடியில் இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் நைலான் உடை தைத்தவள், மிஞ்சிய துணியில் தனக்கும் ஒன்று தைத்திருந்தாள். முழுக்கை, முழங்காலுக்குக் கீழ்வரை, கருநீலத்தில் மஞ்சள் பைப்பிங். நிறத்தைப் பம்ப்காரருக்கு மட்டும் சொல்லியிருந்தாள். பதினொன்றரை மணிக்கு அலைக்குளத்தில் அலை விடுவார்கள். ‘மூணடி ஆழத்துல நில்லுங்க. அலைய மெதுவா வைக்கிறேன்’ என்று அவர் எழுதியிருந்தார். கணுக்காலுக்கு மேல் தண்ணீர் கண்டிராதவளுக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது.

அந்தப் பொட்டலத்தை அண்ணி பார்த்தாள். பார்த்தும் பார்க்காத மாதிரி போனாள். அண்ணி அப்படிப் போனால் சும்மா போகமாட்டாள்.

*

ஏழு அடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போதே கார் கிளம்பிவிட்டது. முன்னால் அண்ணன், அண்ணி. பின்னால் பதின்மூன்று வயது இரட்டைப் பிள்ளைகள், அண்ணியின் தங்கை, மடியில் சாப்பாட்டுக் கூடையோடு பாப்பா. ஜன்னல் ஓரத்தில் பாதி உடம்புதான் சீட்டில் இருந்தது. அது அவளுக்குப் பழக்கம்.

பெண்கள் உடை மாற்றும் அறையில் எல்லோருக்கும் உடையை எடுத்துக் கொடுத்துவிட்டு, கடைசியில் தன் பொட்டலத்தைத் தேடினாள். பையின் அடியில் வைத்தது. துண்டுகளை எடுத்துக் கீழே போட்டுத் தேடினாள். இல்லை.

தடுப்புக்குப் பின்னாலிருந்து அண்ணியின் தங்கை வந்தாள். கருநீலம், மஞ்சள் பைப்பிங்.

“பாப்பாக்கா, சூப்பரா தைச்சிருக்கீங்க! நான் என்னோடத கொண்டு வர மறந்துட்டேன். அக்காதான், எக்ஸ்ட்ரா ஒண்ணு கெடக்குன்னு குடுத்தாங்க. கொஞ்சம் டைட்டா இருக்கு, பரவால்ல.”

பாப்பா அண்ணியைப் பார்த்தாள். அண்ணி கண்ணாடியில் தன் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“அண்ணி, அது...”

“அது யாருக்குத் தைச்சது பாப்பா? எனக்கு இருக்கு, பிள்ளைங்களுக்கு இருக்கு, உங்க அண்ணனுக்கு இருக்கு. நீதான் தண்ணில எறங்கறவ இல்லையே. துணி வீணாப் போகுதேன்னு எடுத்துக் குடுத்தேன்.” அண்ணி சிரித்தாள். “ஏன், நீ எறங்கறதா இருந்தியா என்ன?”

உடை மாற்றும் அறையில் இன்னும் ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். பாப்பா அவர்களைப் பார்த்தாள்.

“இல்ல அண்ணி.”

கை அவளை மீறி நீண்டது. அந்தப் பெண்ணின் அக்குள் பக்கத்துத் தையலைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு தையல்காரிக்கு எந்த நூல் எவ்வளவு தாங்கும் என்று தெரியாமல் போகாது. அது தன் உடம்புக்கு எடுத்த அளவு.

“கையைத் தலைக்கு மேல தூக்காதம்மா. இந்த எடத்துல விட்டுடும்.”

“பாத்தியா, பொறாமைய!” என்றாள் அண்ணி, பொதுவாக எல்லோருக்கும் கேட்கும்படி.

*

லாக்கர் எண் இருநூற்றுப் பன்னிரண்டு. அதற்குள் எல்லோருடைய உடுப்பும் போயிற்று. கார் சாவி, போன்கள், அண்ணனின் மூக்குக்கண்ணாடி எல்லாம் போயிற்று. சாவியை ரப்பர் வளையத்தில் கோத்து அண்ணியே பாப்பாவின் மணிக்கட்டில் மாட்டிவிட்டாள்.

“பத்தொன்பதாவது பாயின்ட் ஞாபகம் இருக்குல்ல? தண்ணிக்குள்ள எது தொலைஞ்சாலும் தேட விடமாட்டாங்க. ஏழு மணிக்குப் பம்ப்பை நிறுத்தி வடிகட்டியத் தொறந்தாத்தான் கெடைக்கும். லாக்கர் சாவி தொலைஞ்சாலும் அதே ஏழு மணிதான். எல்லாரும் போனதுக்கப்புறம்தான் ஆபீஸ்ல வேற சாவி போட்டுத் தொறப்பாங்க. அதனால சாவி உன் கைய விட்டு எறங்கக் கூடாது. சரியா?”

“சரி அண்ணி.”

“உன் போனைக் குடு. தண்ணில போட்டோ எடுக்கணும். எங்க போன்லாம் நனைஞ்சா வம்பு. உன்னோடது பழசுதானே.”

கொடுத்தாள். கேட்டால் கொடுத்துவிடுவது அவள் கைக்குப் பழகிய வேலை. அண்ணி அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். போன் பூட்டைத் திறக்கும் எண்ணை இரட்டைகளில் ஒருத்தி சொல்லிக் கொடுத்தாள். போனை வாங்கிய அன்று அந்த எண்ணைப் போட்டுத் தந்தவளே அவள்தான்.

பதினொன்றரைக்குச் சங்கு ஊதியது. அலைக்குளத்தில் இருநூறு பேர் கூச்சலிட்டார்கள். குளத்துக்கு எதிரே, கூடை, துண்டு, தண்ணீர் பாட்டில்களுக்கு நடுவில் பாப்பா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அலை வந்தது. மெதுவாக, ஒரு குழந்தையைத் தட்டித் தூங்கவைக்கிற வேகத்தில் வந்து வந்து போயிற்று.

குளத்தின் அந்தக் கோடியில் பம்ப் அறை. அதன் சின்ன ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது. மூன்றடி ஆழத்தில் நின்றவர்களை அது ஒவ்வொருவராகத் தேடியது. கருநீலத்தையும் மஞ்சளையும் கண்டுபிடித்து நின்றது. பிறகு அந்த உடைக்குள் இருப்பது வேறு யாரோ என்று தெரிந்து, மறுபடி தேடியது. பாப்பா கையைத் தூக்கிக் காட்டினாள். பைகளுக்கு நடுவில் யார் தேடப் போகிறார்கள்?

“என்னம்மா இது, அலையே இல்ல! சும்மா தொட்டி மாதிரி இருக்கு” என்று இரட்டைகள் காலை உதைத்துக்கொண்டு கரையேறினார்கள்.

*

சாப்பாட்டு நேரம். நிழற்குடையின் கீழ் ரொட்டி, அவித்த முட்டை, பழம். பாப்பா எல்லோருக்கும் எடுத்து வைத்தாள். அண்ணி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, கழுத்து உறையிலிருந்து போனை எடுத்தாள்.

“எல்லாரும் கேளுங்க. இன்னிக்கு ஒரு ஸ்பெஷல் இருக்கு.”

பாப்பா கையை நீட்டினாள். “அண்ணி, போனைக் குடுங்க.”

“இரு, போட்டோ பாக்கறேன்.”

“போட்டோ அதுல இல்ல அண்ணி. குடுங்க.”

“மெசேஜ் தானா வந்து நிக்குது, நான் என்ன பண்ணுவேன்?” அண்ணி குரலை ஆண்குரலாகக் கட்டையாக்கினாள். “‘தரை சுடும். ரப்பர் செருப்பு போட்டுக்கோங்க.’ அடடா! ‘வெயில்ல ரொம்ப நேரம் உக்காராதீங்க, டிக்கெட் கவுன்ட்டருக்குப் பின்னாடி நிழல் இருக்கு.’ என்ன ஒரு காதல்! கேட்டீங்களா? ‘அலைய மெதுவா வைக்கிறேன்.’ ஓ, அதான் இன்னிக்கு அலை நொண்டிச்சா?”

“அய்யோ, அத்தையாலதானா?” என்று இரட்டைகள் குதித்தார்கள். அண்ணியின் தங்கை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

“இருங்க, கிளைமாக்ஸ் இருக்கு. இது நம்ம பாப்பா போட்டது. ‘சரி.’ சரியாம்! யாரைக் கேட்டுச் சரி சொன்னா?”

அண்ணன் மென்றுகொண்டே நிமிர்ந்தான். “யாரு இது?”

பாப்பா அவனை மட்டும் பார்த்துச் சொன்னாள். “இங்க பம்ப் பாக்கறவர் அண்ணா. நல்லவர். நாலு மணிக்கு உங்ககிட்டப் பேச வர்றார். நானே அப்ப சொல்லணும்னு இருந்தேன்.”

அண்ணன் அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தான். அந்த ஒரு நிமிஷத்தில் பாப்பா எவ்வளவோ எதிர்பார்த்துவிட்டாள். பிறகு அவன் வாய் கோணியது. தோள் குலுங்கியது.

“நாப்பது வயசுலயா?”

சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். சிரித்ததில் ரொட்டி தொண்டையில் அடைத்துப் புரையேறியது. பாப்பாவின் கை தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவனிடம் நீட்டியது. இன்னொரு கை அவன் தலையில் தட்டியது. பழக்க தோஷம். தன்னைப் பார்த்துச் சிரித்துப் புரையேறியவனுக்குத் தண்ணீர் கொடுத்த கையை அவள் பிறகு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி, வரட்டும்” என்றான் அண்ணன், வாயைத் துடைத்துக்கொண்டு. “நான் பேசறேன்.”

அந்தப் ‘பேசறேன்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு பாப்பா இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். ஓடிப்போய் அவரை எச்சரித்திருக்கலாம். பம்ப் அறை நூறு அடிகூட இல்லை. ஆனால் பையை யார் பார்த்துக்கொள்வது? இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று உங்களுக்குக் கோபம் வரும். எனக்கும் வந்தது.

*

அரை நாள் லீவு போட்டுவிட்டுச் சரியாக நாலு மணிக்குப் பம்ப்காரர் வந்தார். குளித்து, தலை வாரி, தேய்த்த சட்டை. எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத குளோரின் வாசம் மட்டும் கூடவே வந்தது.

கடிகாரத்தடியில் ஆறு நாற்காலிகள். ஐந்தில் ஐந்து பேர் ஈர உடையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆறாவதில் பைகள். பாப்பா நின்றுகொண்டிருந்தாள். அவர் வந்ததும் பையைத் தூக்கப் போனாள்.

“பை இருக்கட்டும் பாப்பா, கீழ ஈரம்” என்றாள் அண்ணி.

அவரும் நின்றார்.

“நீங்கதானா அது?” அண்ணன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். மூக்குக்கண்ணாடி லாக்கரில் இருந்தது. “லைசென்ஸ் இருக்கா?”

“டூ வீலர் இருக்குங்க.”

“எட்டு போட்டு வாங்கினதா, சும்மா வாங்கினதா?”

தங்கைக்காரி கிளுக்கென்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. “எட்டு போட்டுத்தாங்க.”

“கல்யாணம் ஏன் இத்தனை நாள் பண்ணிக்கல?”

“வீட்ல அக்கா இருக்காங்க. அவங்களப் பாத்துக்க வேண்டியிருந்துச்சு.”

அண்ணி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். குரலில் தேன் சொட்டியது. “தம்பி, நல்லவரா இருக்கீங்க. உங்ககிட்ட மறைக்க எங்களுக்கு மனசு வரல. காலைலேர்ந்து பாத்திருப்பீங்க. நாங்கல்லாம் தண்ணில. இவ மட்டும் கரைல. ஏன்னு யோசிச்சீங்களா?”

“யோசிச்சேங்க. பதினொண்ணரைக்குத் தேடினேன்.”

“இவளுக்கு ஃபிட்ஸ் வரும். தண்ணில நின்னு வந்துட்டா என்ன ஆகும்? அதான் எறக்கறதே இல்ல. எங்க போனாலும் ஒரு ஓரமா உக்கார வெச்சு, கண்ணும் கருத்துமாப் பாத்துக்கறோம்.”

பதினெட்டு வருஷம் பை பார்த்தது ஒரே நிமிஷத்தில் நோய்க்குச் சாட்சியாகிவிட்டது. இந்தப் பொய்யை நாலே வார்த்தையில் உடைக்கக்கூடியவன் ஒருத்தன் அங்கே உட்கார்ந்திருந்தான். அவனிடம் திரும்பினாள்.

“அண்ணா, எனக்கு எப்ப ஃபிட்ஸ் வந்துச்சு?”

அண்ணன் குளத்தைப் பார்த்தான். கண்ணாடி இல்லாமல் குளமும் அவனுக்குச் சரியாகத் தெரிந்திருக்காது.

“சின்ன வயசுலேர்ந்து இருக்கு” என்றான். “உனக்கு ஞாபகம் இருக்காது பாப்பா. வந்தவங்களுக்கு ஞாபகம் இருக்காதுன்னு டாக்டரே சொல்லியிருக்கார்.”

தோளில் உட்கார வைத்துக்கொண்டு தெருவெல்லாம் சுற்றிய அண்ணன். அவளுடைய முதல் தையல் ஊசியை வாங்கிக் கொடுத்த அண்ணன். பாப்பாவுக்கு அப்போது வலித்தது பொய்கூட இல்லை, அதை அவன் இவ்வளவு சுலபமாகச் சொன்னதுதான்.

பம்ப்காரர் பாப்பாவைப் பார்த்தார். “அதனால என்னங்க” என்றார். “என் அக்காவுக்கும் அதான். இருபது வருஷமா நான்தான் பாத்துக்கறேன். வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், பக்கத்துல இருக்கறத நகத்தி வைக்கணும். எனக்குப் பழக்கம்.”

அண்ணியின் முகத்தில் தேன் வற்றியது. அண்ணன் துண்டை உதறினான். அதோடு சேர்த்து நடிப்பையும் உதறினான்.

“இத பாருங்க, சுத்தி வளைக்க வேணாம். நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். சமையல், பிள்ளைங்க, வீடு எல்லாத்துக்கும் ஒரு ஆள் வேணும். இவ எங்களுக்கு வேணும். அவ்வளவுதான்.”

“நீயே சொல்லு பாப்பா” என்று அண்ணி சிரித்தாள். “நீ போயிட்டா பையை யார் பாத்துக்குவா?”

எல்லோரும் சிரித்தார்கள். இரட்டைகள்கூட. பாப்பாவுக்கும் சிரிப்பு வந்தது. அழுகைதான் வருமென்று அவள் பயந்திருந்தாள், வரவில்லை. மணிக்கட்டிலிருந்த ரப்பர் வளையத்தைக் கழற்றினாள். அலைக்குளம் பத்தடி தூரம். பத்தடியும் நிதானமாக நடந்தாள். இரட்டைகள் இரண்டும் ஈர உடையில் நடுங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. மனசை ஒரு கிள்ளு கிள்ளியது. கிள்ளட்டும் என்று கையை வீசினாள்.

சாவி ஆழமான பக்கத்தில் விழுந்தது. சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை.

“ஏய்! பைத்தியமா உனக்கு? கார் சாவி உள்ள இருக்கு! என் கண்ணாடி!” அண்ணன் எழுந்ததில் நாற்காலி கவிழ்ந்தது.

“அய்யய்யோ, அங்க விழுந்துச்சு, அங்க!” தங்கைக்காரி காவல்காரரைக் கூப்பிட இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள். தையல் டர்ரென்று அக்குளிலிருந்து இடுப்புவரை போயிற்று. மாற்றுத்துணி இருநூற்றுப் பன்னிரண்டில் இருந்தது.

“கைய தூக்காதன்னு காலைலயே சொன்னேன்” என்றாள் பாப்பா. அண்ணனிடம் திரும்பினாள். “தேட விடமாட்டாங்க அண்ணா. பத்தொன்பதாவது பாயின்ட். ஏழு மணிக்கு வடிகட்டியத் தொறந்தா கெடைக்கும்.” கொஞ்சம் யோசித்து, “ஆனா அதைத் தொறக்கறவரு இன்னிக்கு அரை நாள் லீவு” என்று சேர்த்துக்கொண்டாள். “ஆபீஸ்லயும் ஏழு மணிக்குத்தான். அதுவரைக்கும் பைய நீங்களே பாத்துக்கோங்க.”

சொல்லிவிட்டு நடந்தாள். பின்னால் அண்ணன் கத்தினான். பிள்ளைகள் அழுதார்கள். தங்கைக்காரி துண்டு கேட்டாள். அண்ணி மட்டும் கத்தவில்லை. அது பாப்பாவுக்கு உறைத்திருக்க வேண்டும்.

பம்ப்காரர் எட்டிப் பிடித்தார்.

“உங்க அண்ணன் சொன்னது நெஜமா?”

“இல்லங்க.”

“அப்ப சரி. வீட்டுக்குப் போனதும் அத எனக்கு எழுதிக் குடுத்துடுங்க.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பாப்பாவும் சிரித்தாள். அன்றைக்கு அவள் வயிறு குளிரச் சிரித்தது அப்போதுதான்.

“அக்கா டீ போட்டு வெச்சிருப்பாங்க. நான் ஸ்டாஃப் கேட் வழியா வண்டிய எடுத்துட்டு முன் கேட்டுக்கு வந்துடறேன். அஞ்சே நிமிஷம்” என்றார்.

முன் கேட்டில் இருந்தவர் பாப்பாவின் கையில் கட்டியிருந்த நுழைவுப் பட்டையைக் கத்தரித்தார். கத்தரித்துவிட்டால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். அது இருபதாவது பாயின்ட். பாப்பா வெளியே வந்து கம்பிவேலி ஓரமாக நின்றாள். வேலிக்கு உள்ளே, அறுபது எழுபது அடி தள்ளி ஸ்டாஃப் ஷெட். அங்கே அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவது தெரிந்தது. ஷெட் வாசலிலிருந்து வலது பக்கம் திரும்பினால் முன் கேட். இடது பக்கம் போனால் மெயின் ரோடு.

நாற்பது வயதில் முதல்முறையாக அவள் கையில் பை இல்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் இடுப்பில் வைத்தாள்.

அவர் வண்டியை ஸ்டார்ட் செய்தார். பிறகு நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. யாருடைய மெசேஜுக்கு அந்த முகம் அப்படி மலரும் என்று பாப்பாவுக்குத் தெரியும்.

தெரிந்த உடனே கை, போன் செருகும் இடுப்பைத் தடவியது. போன் இல்லை. காலையிலிருந்தே இல்லை. அது பிளாஸ்டிக் உறைக்குள், அண்ணியின் கழுத்தில் இருந்தது. அண்ணி ஏன் கத்தவில்லை என்பதும், பாப்பாவின் பெயரில் ‘வேண்டாம்’ என்று எழுதியிருப்பாள் என்பதும் அப்போது புரிந்தது.

“அது நான் இல்லங்க!” வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். “இங்க பாருங்க! அத நான் போடல!”

நாலரை மணி அலைக்குச் சங்கு ஊதியது. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அவர் அந்த மெசேஜை இரண்டாம் முறை படித்தார். முகத்தில் இருந்த மலர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. போனை மடித்த கைக்குட்டையோடு சேர்த்துச் சட்டைப் பையில் வைத்தார். ஹெல்மெட்டை மாட்டினார். எழுத்தில் வந்துவிட்டதை மறுத்துக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

வண்டியின் இடது பக்க இண்டிகேட்டர் மினுக்கத் தொடங்கியது.